முதல் பந்தியில் அம்மா

2014 வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். திருமங்கலத்தில் ஒரு மண்டபம். சாயங்காலம் நாலேகால் இருக்கும். மண்டபத்தைக் காலி பண்ணச் சொல்லி வாட்ச்மேன் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். அம்மாவைக் காணோமே என்று தேடிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மீந்துபோன பூசணிக்காய்களுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவில், நின்றவாக்கில், பாக்குமட்டைத் தட்டில் மோர்ச்சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை இடுப்பில் கொத்துச்சாவி செருகியிருந்தது. தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூட இல்லை. அன்றைக்கு எழுநூறு இலைக்கு மேல் விழுந்திருந்தது. இலைக்கு இருபத்தோரு வகை. பெண்ணைப் பெற்றவளுக்கு மோர்ச்சோறு.

"என்னம்மா இது?"

"ரெண்டு வாய் உள்ள போனாப் போதும்டி. நீ போயி சீர்த்தட்டெல்லாம் வண்டியில ஏத்திட்டாகளான்னு பாரு."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நமக்கு என்று ஒரு கல்யாணம் நடந்தால் அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, பாயசம் வரைக்கும் சாப்பிட வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிக்கொண்டேன். அதற்கப்புறம் எத்தனையோ கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எங்கே போனாலும் முதல் பந்தி முடிகிற நேரத்தில் பெண்ணின் அம்மா எங்கே இருக்கிறார் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவேன். ஒருவரைக்கூட இலைக்கு முன்னால் பார்த்ததில்லை.

அக்கா கல்யாணத்துக்குப் பத்து வருஷம் ஆகப்போகிற நேரத்தில் எனக்கு நிச்சயமானது. சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான் மாப்பிள்ளை. சொந்த ஊர் திருநெல்வேலி. இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு, பிறகு சம்மதித்தார்கள். 2024 ஆவணியில் வளர்பிறை முகூர்த்தம் ஒன்று குறித்தாயிற்று. வைகாசியிலேயே வைக்கலாம் என்றார் இவர். ஆறு மாதத்துக்கு முன்னால் போய்க் கேட்டும் நல்ல முகூர்த்தத்தில் ஒரு மண்டபம் கிடைக்கவில்லை. அடுத்து ஆனி, அதில் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஏதோ கணக்குச் சொன்னார்கள். ஆடியில் நடத்த முடியாது. ஆக ஆவணி.

செலவை இரண்டு வீடும் பாதிப் பாதி போட்டுக்கொள்வது, கடன் வாங்குவதில்லை, நகை தவிர்த்து 12 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் போகக்கூடாது. நானும் இவரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. நான் அலுவலகத்தில் பிராஜெக்ட் பிளானிங் பார்க்கிறவள். விடுவேனா? எக்செல் ஷீட் ஒன்று திறந்து 41 வரி எழுதினேன். பக்கத்தில் மூன்று கட்டம்: 'கட்டாயம்', 'இருந்தால் நல்லது', 'வேண்டாம்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசித்து டிக் அடித்தேன். அப்பா, அம்மா, அக்கா, மச்சான், பெரியப்பா, பெரியம்மா, கட்டிலில் அம்மாச்சி. ஒன்றரை மணி நேரத்தில் 38 வரி 'கட்டாயம்' ஆகிவிட்டது. மிச்சம் மூன்று: ட்ரோன், சாக்லேட் ஃபவுண்டன், நான் ஆசைப்பட்ட புத்தக அலமாரி. (கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பைக்குப் பதில் ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். "தேங்காய் இல்லாத பையா?" என்று பெரியம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.)

ட்ரோனையும் பத்து நிமிஷம் கழித்து மச்சான் 'கட்டாயம்' பக்கம் தள்ளிவிட்டார். தம்பதி மண்டப வாசலில் காரிலிருந்து இறங்குவதை மேலேயிருந்து எடுத்தால் நன்றாக இருக்குமாம்.

எங்கள் குடும்பத்துக்கு இந்த வரிசைப்படுத்துகிற வேலையே ஒத்துவராது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2020-ல் ஊரடங்கின்போது பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. இரண்டு வீட்டுக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து. இருபத்தைந்து பேரை எழுதுவதற்கு ஒன்பது நாள் ஆனது. கல்யாணம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது, செலவு ஒன்றரை லட்சம், எல்லாரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டோம். அந்த இருபத்தாறாவது ஆள் யார் என்கிற பஞ்சாயத்து மட்டும் இன்றைக்கு வரைக்கும் ஓயவில்லை.

வாசலில் பூ வளைவு வைப்பதா, துணி வளைவு வைப்பதா என்று சத்தம் ஏறிக்கொண்டே போனபோது அம்மாச்சி கட்டிலிலிருந்து கேட்டது: "அது இல்லாட்டி இப்ப எவ அழுகப்போறா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, ஷீட்டில் இருந்த மூன்று கட்டத்தையும் அழித்துவிட்டு ஒரே ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு: 'யார் அழுவார்கள்?'

அதற்குப் பிறகு வேலை விறுவிறுவென்று நடந்தது. பூ வளைவு இல்லாவிட்டால் அழப்போகிறவர் டெக்கரேஷன்காரர். ட்ரோனுக்குப் போட்டோகிராபர். வெல்கம் டிரிங்குக்கு ஆளே இல்லை. நுழைவாயிலில் ஃபிளெக்ஸ் வைக்காவிட்டால் மச்சானின் சிநேகிதர்கள் நான்கு பேர் வருத்தப்படுவார்கள், அழமாட்டார்கள். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷனுக்கு நேராக யார் பெயரை எழுதுவது என்று நானும் இவரும் போனில் அரை மணி நேரம் யோசித்தோம். கடைசியில் "உனக்கு வேணுமா?" என்றார். "எனக்கு வேணாம். உங்களுக்கு?" "எனக்கு எதுக்கு? கோட்டு போட்டா எனக்கு வேர்க்கும்." தூக்கிவிட்டோம். மண்டப வாடகை இதனால் ஒரு பைசா குறையாது. வாடகை எப்படியும் முதல் நாள் மதியம் மூன்றிலிருந்து மறுநாள் மூன்று வரைக்கும்தான். கரண்டு, ஜெனரேட்டர் டீசல், கிளீனிங் எல்லாம் தனி. ஆனால் 500 இலை டிபன் 90,000, மேடை அலங்காரம் 75,000, லைட் மியூசிக் 40,000. இரண்டு லட்சத்துச் சொச்சம் ஒரே வரியில் மிச்சம்.

பெயர் விழுந்த வரிகளில்தான் வேலை நின்றது. ஒரு பெயர் விழுந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்டால், சொல்வது ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கிறது.

அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். "பெரிய மண்டபம்தான் வேணும், ஆயிரம் பேரு உக்காரணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். பந்தாவுக்குச் சொல்கிறார் என்றுதான் நானும் அக்காவும் நினைத்தோம். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கள் பக்கம் எந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து, விசேஷம் என்றாலும் மொய் எழுத அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். நீள நோட்டு, முதல் பக்கம் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் மொய்யில் தொடங்கி, ஊர், பேர், தொகை. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று. பக்கத்துக்குப் பக்கம் கூட்டல். சாயங்காலம் பணத்தையும் நோட்டையும் வீட்டுக்காரர் கையில் கொடுக்கும்போது ஒரு ரூபாய் வித்தியாசம் இருக்காது.

எங்கள் வீட்டு நோட்டுகளை அன்றைக்கு எடுத்துக் காட்டினார். அக்கா கல்யாணத்தில் வந்தது ஒரு நோட்டு. அதற்குப் பிறகு நாம் திருப்பிச் செய்தது இரண்டாவது. புதிதாகச் செய்தது மூன்றாவது. வாங்கியதை வாங்கியபடியே திருப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மேலே கொஞ்சம் போட்டுத்தான் செய்ய வேண்டும். அந்த மேல்தொகை அவர்கள் வீட்டு நோட்டில் நம் பெயருக்கு வரவாக நிற்கும். இப்படி 430 குடும்பங்கள் அப்பாவின் கணக்கில் இருந்தன.

"வட்டிக்காகச் சொல்லலம்மா. இதுதான் நம்ம வீட்டுல கடைசிக் கல்யாணம். நான் செஞ்சதெல்லாம் வந்து சேரணும், அவுக வந்து இலையில கை நனைக்கணும். யாருக்கும் நான் பாக்கி வைக்கல, எனக்கும் யாரும் பாக்கி வைக்கக் கூடாது. அதுக்கப்புறம் நோட்ட மூடிட்டு உக்காந்துருவேன்" என்றார்.

ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம் அவருக்கு எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. மண்டபம் சின்னதாகவே எடுத்தோம், 400 பேர் உட்காரும் ஹால். ஆனால் 430 வீட்டுக்கும் பத்திரிகை போனது. கல்யாணம் ஒருவேளைதான் என்பதால் கூட்டம் பிரித்துப் பிரித்து வந்துபோகும் என்று அப்பாவே கணக்குப் போட்டார்: பத்திரிகை ஒன்றுக்கு இரண்டு பேர், அதில் பத்தில் ஒரு பங்கு வராது. எண்ணூறு இலைக்குச் சமையல்காரரிடம் சொன்னோம். 640 இலை விழுந்தது. அப்பாவின் கூட்டலில் நான் பார்த்த முதல் தப்பு.

சுயமரியாதைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமே என்று நடுவில் இவர் ஒரு யோசனை சொன்னார். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து அதற்குச் சட்ட அங்கீகாரமே கொடுத்துவிட்டார்கள். ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம். உறவினர், நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ செல்லும். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "தாராளமாப் பண்ணு. ஐயர் பணம் மிச்சம். மொய் டேபிள் மட்டும் வாசல்லதான் போடணும்" என்றார். தடுத்தது மாப்பிள்ளை வீட்டார்தான். அங்கே அழுவதற்கு மூன்று பேர் இருந்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இவருடைய அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. "மறுவீட்டுக்கு ஒங்க ஆளுக அத்தன பேரும் திருநெல்வேலிக்கு வந்து சொதி சாப்பிடணும், பாத்துக்கிடுங்க." அறுபது பேரை இரண்டு வேனில் ஏற்றி, இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஒருவேளைச் சாப்பாடு சாப்பிடவைத்துத் திரும்புவது. என் ஷீட்டில் 28,000 ரூபாய். வேனுக்குப் பதில் சொதியையே இங்கே கொண்டுவர முடியாதா என்று கேட்டுவிட்டேன். முகம் வாடிப்போயிற்று. பிறகு அடுப்படியில் வைத்துச் செய்முறை சொன்னார்கள். தேங்காயில் மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும்: முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸ். பிறகு இரண்டாம் பால், வெந்த பாசிப்பருப்பு, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துப் பிழிந்த சாறு. முதல் பால் ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை கடைசியில், இறக்கிய பிறகு. "இத வண்டியில வெச்சுத் தூக்கிட்டு வந்தா அதுக்குப் பேரு சொதியா?" இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் கூட இருந்தால்தான் கணக்கு. சம்பந்தி வீட்டாருக்குத் தன் கையால் சொதி பரிமாறியதைத்தான் அவர்கள் வீட்டில் மறுவீட்டின் கதையாக வருஷக்கணக்கில் சொல்வார்களாம். வேன் வரியில் அத்தையம்மா பெயரை எழுதினேன்.

நகைப் பேச்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே தலைவலி. அம்மா இருபது பவுன் என்றாள், நான் பத்து என்றேன். மார்ச் கடைசியில் சவரன் 50,000 தாண்டியது. ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் இறங்கியது. மறுநாள் காலை கடை திறக்குமுன் அம்மா வாசலில் நின்றாள். பன்னிரண்டு பவுனில் சமாதானம். படிக்கிற பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் என்று, தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தையே 2022-ல் அரசாங்கம் மாற்றிவிட்டது, நீங்கள் மாற மாட்டீர்களா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அது அரசாங்கம். அதுக்கு நாத்தனார் கெடையாது" என்றார்.

நாத்தனார். அங்கேதான் வந்து நிற்கிறது எல்லாம்.

என் பெயருக்கு நேராக நான் எழுதிக்கொண்டது அந்தப் பழைய ஆசைதான்: அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எழுதுவதற்கு ஒரு வரி. நடத்திக்காட்ட எத்தனை வேலை என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டோர் ரூமுக்குச் சம்பளத்துக்கு ஆள் போட்டேன். சீர்த்தட்டு 51 என்று இருந்ததை 21 ஆக்கினேன். தாம்பூலப் பையை மண்டபத்தில் நிரப்பாமல் முதல் நாளே கட்டி வரச் செய்தேன். மாப்பிள்ளை வீட்டார் தங்கும் அறைகளுக்குக் காபி, வெந்நீர் பார்க்கச் சித்தப்பா மகன்கள் இருவர். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஏதோ பரிசு கொடுக்கிற பெருமையில், அம்மாவிடம் போய்ச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதுக்குடி இம்புட்டு?"

"அக்கா கல்யாணத்துல நீ நாலு மணிக்கு ஸ்டோர் ரூம்ல நின்னுக்கிட்டு மோர்ச்சோறு சாப்பிட்ட. மறந்துட்டியா?"

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள்.

"வேல கெடந்ததுனாலயா நான் சாப்பிடல? அன்னைக்கு ஒங்க அத்தை சாப்பிடாம பஸ் ஏறிட்டா. ஒரு மணிக்கே எனக்குச் சேதி வந்துருச்சு. வீட்டுல பொறந்தவ பட்டினியாப் போனதுக்கப்புறம் எனக்கு எப்படி இலையில உக்காந்து எறங்கும்?"

பத்து வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்த காட்சி அது. பூசணிக்காய், எண்ணெய் டின், கொத்துச்சாவி என்று அத்தனையும் நினைவில் இருந்தது. அம்மா ஏன் சாப்பிடவில்லை என்பது மட்டும் தப்பாக இருந்திருக்கிறது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அருப்புக்கோட்டையில் இருக்கிறார். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மேடையில் ஆலாத்தி எடுக்க அத்தை முறைக்காரியைக் கூப்பிடாமல் யாரோ அவசரத்தில் பெரியம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள், அதுதான் கோபம் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

குலசாமிக்குப் பத்திரிகை வைத்த கையோடு அருப்புக்கோட்டைக்குத்தான் போனோம். தாய்மாமனுக்கு முன்னால் நாத்தனாருக்கா என்று பெரியம்மா கேட்டதற்கு அம்மா, "என் அண்ணன் கோவிச்சுக்கிட மாட்டான்" என்று முடித்துவிட்டாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, நாலு மூலையும் மஞ்சள் வைத்த பத்திரிகை. அத்தை வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "பத்து வருஷமா வழி தெரியல போல" என்று வத்தலைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றார். அது அம்மாவுக்கா, எனக்கா, தெரியவில்லை. இரண்டு பேரும் போனோம். அப்பா செருப்பைக் கழற்றவே இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

காபி வந்தது. அப்பா ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னார்: "இந்தத் தடவை மேடையில மொத ஆலாத்தி நீதான். ஒன் முறை ஒனக்கு. எவனும் மாத்த முடியாது."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேடையில கூப்பிடலைன்னு நான் கோவிச்சுக்கிட்டேன்னு யாரு சொன்னது? கூட்டத்துல விட்டுப்போச்சு, அது எனக்குத் தெரியாதா? பந்தி வாசல்ல அர மணி நேரம் நின்னேன். தெரிஞ்ச மொகம் பூராம் என்னையத் தாண்டித் தாண்டிப் போச்சு. ஒருத்தர் வாயில இருந்து 'வா, வந்து சாப்பிடு'ன்னு வரல. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துல கூப்பிட ஆள் இல்லாம நானாப் போயி எடம் புடிச்சு உக்காரணுமா?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் கையை அமுக்கினாள். "நான்தான் வந்து கூப்பிட்டிருக்கணும், ஸ்டோர் ரூம்ல கெடந்தேன்" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை. அத்தை எழுந்து உள்ளே போய், தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வந்து, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று என்னிடம் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஷீட்டைத் திறந்து 42-வது வரி சேர்த்தேன்: 'பந்தி விசாரிக்க ஆள்.' செலவு: பூஜ்யம்.

பந்தி விசாரிப்பது என்று ஒரு வேலை இருந்ததே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? தோளில் துண்டோடு ஒரு பெரிய மனிதர் பந்தி வாசலில் நிற்பார். வருகிறவரை உறவு சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைப்பார். வரிசைக்கு நடுவில் நடந்து, "மாமா இலைக்கு ரசம்", "சின்னத்தா, பாயசம் வாங்காம எந்திரிக்கக் கூடாது" என்று விசாரித்துக்கொண்டே போவார். இப்போது சமையல் காண்ட்ராக்டரே சீருடை போட்ட பையன்களைக் கூட்டிவருகிறார். ஓடி ஓடிப் பரிமாறுகிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கு யார் அத்தை, யார் ஆர்க்கெஸ்ட்ரா பார்க்க வந்தவர் என்று எப்படித் தெரியும்? நுழைவாயிலில் பன்னீர் தெளிக்க ஆளுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் இருக்கிறது. பந்தி வாசலில் நிற்க எந்தப் பேக்கேஜிலும் ஆள் கிடையாது, இருக்கவும் முடியாது. தாய்மாமனையும் மச்சானையும் போட்டேன். ட்ரோன் போன வருத்தம் மச்சானுக்கு இன்னும் இருந்தது. இந்த உத்தியோகம் கொடுத்ததும் போய்விட்டது. புதுத் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று நடந்ததையெல்லாம் என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. மணப்பெண்ணுக்கு மேடையில் தெரிவது எல்லாம் வீடியோ லைட்டும் ஐயரின் முதுகும்தான். செண்டை மேளம் வேண்டவே வேண்டாம், நாகஸ்வரம்தான் என்று இவர் பிடிவாதமாக ஏற்பாடு செய்திருந்த செட் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. மாப்பிள்ளை அழைப்பு மச்சானின் புளூடூத் ஸ்பீக்கரில் நடந்தது. ஆனால் வந்த பிறகு அவர்கள் வாசித்தது வேறு ரகம். கெட்டிமேளத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது என் காலில் இன்னும் இருக்கிறது. ஸ்டோர் ரூமுக்குப் போட்ட ஆள் ஒன்பது மணிக்கே காணாமல் போனார். மொய் டேபிளில் அப்பாவின் பழைய சங்கத்து சிநேகிதர் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேடையில் அப்பாவைக் காணோம். அடுத்தவர் கையெழுத்தில் தன் வீட்டு நோட்டு எழுதப்படுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முதல் ஆலாத்தி அத்தைதான் எடுத்தார். தட்டை மூன்று சுற்றுச் சுற்றி, என் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, "பசிக்குதாடி மருமகளே?" என்று மட்டும் காதருகில் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் பன்னிரண்டரை வரைக்கும் நானும் இவரும் நின்றபடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு ஹால் கீழ்த்தளத்தில். அங்கே என்ன நடக்கிறது என்று மேடையிலிருந்து தெரியாது. அக்காவின் மகனைத் தூது அனுப்பினேன், பாட்டி சாப்பிட்டாளா என்று பார்த்துவரச் சொல்லி. அவன் போய் ஐஸ்கிரீமோடு திரும்பிவந்தான். என்ன கேட்டோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டிருந்தது.

ராத்திரி அம்மாவிடம் கேட்டதற்கு, "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்றாள். அம்மாக்கள் இரண்டு தடவை சொன்னால் நம்பக் கூடாது. மறுநாள் திருநெல்வேலி, சொதி, ஏகப்பட்ட உபசாரம். பிறகு சென்னை. கல்யாணப் பதிவு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எங்கள் 42 வரியில் அது இல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் அழப்போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான், அதுவும் என்றைக்காவது யாராவது சான்றிதழ் கேட்கும்போது. ஒரு வேலைநாளில் லீவு போட்டு, கல்யாணப் பத்திரிகையும் சாட்சிகளுமாகப் போய் முடித்தோம்.

ஐப்பசியில்தான் பென் டிரைவ் வந்தது. 1,860 போட்டோ. மேடையில் வரிசையாக வந்து நின்றவர்களையெல்லாம் தள்ளிக்கொண்டே போனேன். ஆயிரத்து நானூறாவது படத்துக்கு அப்புறம் பந்திப் படங்கள். போட்டோகிராபர் யாரையும் குறிபார்த்து எடுக்கவில்லை. ஹாலின் ஒரு மூலையில் நின்று வரிசை முழுவதும் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறார். 1,417-ஐப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேரம் 10:52. மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். அத்தை கையை நீட்டி யாரையோ அதட்டி அழைக்கிறார், சாம்பார் வாளிக்காரப் பையனாக இருக்க வேண்டும். பக்கத்து இலையில் அம்மா, தலை குனிந்து, வாய் நிறையச் சோறு, போட்டோ எடுப்பதே தெரியாமல். கொத்துச்சாவி இடுப்பில் இல்லை. இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரை ஒட்டி வைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் பின்னால், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க, அம்மாவின் நாற்காலி முதுகில் கையை ஊன்றிக்கொண்டு பெரியம்மா நிற்கிறார்.